ஊதினால் தெரியும்: 30 மில்லிகிராமின் கதை

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓசூர் ரோட்டிலோ ரிச்மண்ட் ரோட்டிலோ வண்டி ஓட்டியவர்களுக்கு இது பழக்கமான விஷயம். நடுரோட்டில் தடுப்பு இருக்கும். டிராஃபிக் போலீஸ் ஒருவர் கையில் சின்ன கருவியோடு வந்து "ஊதி சார்" என்பார். தமிழிலும் ஊது, கன்னடத்திலும் ஊது. மொழி தெரியாமல் பெங்களூருக்கு வந்து சேரும் நம்மாட்களுக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டாத கன்னட வார்த்தைகளில் இது ஒன்று :-)

கருவி காட்டும் எண் 30ஐத் தாண்டினால் வண்டி போலீஸ் வசம் போய்விடும். நீதிமன்றத்துக்குப் போய் அபராதம் கட்ட வேண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் முதல் தடவைக்கு 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், சிறை இரண்டு வருஷம் வரை போகலாம்.

நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் கணக்குகளைப் பார்க்கிறவன். ஒரு எண்ணை வைத்து ஒருவருக்குப் பத்தாயிரம் அபராதம் போடுகிறார்கள் என்றால், அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் எழுதினார்கள், யார் சரிபார்த்தார்கள் என்று கேட்பது எங்கள் தொழில் புத்தி. அப்படித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியவர் ஆர்.டி.ஓ.!

நம் நாட்டில் இந்தக் கதை ரோட்டில் ஆரம்பித்ததாகத் தோன்றினாலும், உண்மையில் மதுவிலக்கில்தான் ஆரம்பிக்கிறது.

1951 மே 29. பம்பாய் கொலாபாவில் ஒரு ஜீப் மூன்று பேர் மீது மோதியது. ஓட்டியவர் பெயர் பெஹ்ராம் குர்ஷித் பேசிகாகா. அவர் அப்போது பம்பாய் வட்டாரப் போக்குவரத்து அதிகாரியாகப் பொறுப்பில் இருந்தவர், அதாவது ஆர்.டி.ஓ. ஊருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கிறவரே மாட்டிக்கொண்டார்.

போலீஸ் அவரை செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு அழைத்துப் போனது. டாக்டர் பரிசோதித்தார். மூச்சில் மது வாடை இருக்கிறது. கண் சிவந்திருக்கிறது. ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது, நேர்கோட்டில் நடக்கிறார். டாக்டரின் முடிவு: ஏதோ ஒரு வடிவத்தில் ஆல்கஹால் உள்ளே போயிருக்கிறது, ஆனால் போதையில் இருப்பதாகத் தெரியவில்லை.

1949ஆம் வருஷத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டப்படி குடித்ததே குற்றம். பேசிகாகாவோ "நான் சாராயம் குடிக்கவில்லை, பி.ஜி. ஃபாஸ் என்ற டானிக்தான் சாப்பிட்டேன்" என்றார். கீழ்க்கோர்ட் விடுவித்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அதற்குள் 1951இல் பால்சாரா வழக்கில், ஆல்கஹால் கலந்த மருந்துகளைத் தடை செய்தது செல்லாது என்று தீர்ப்பு வந்திருந்தது. ஆகவே உள்ளே போனது மருந்து இல்லை, மதுதான் என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, 1954இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவரை விடுவித்தார்கள்.

இந்த வழக்கில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: எண். இரண்டு ஸ்பூன் டானிக் குடித்தாலும் வாயில் வாடை வரும், அரை பாட்டில் விஸ்கி குடித்தாலும் வரும். மூக்குக்கு அளவு தெரியாது.

அந்த ஓட்டையை அடைக்க 1959இல் பம்பாய் சட்டத்தைத் திருத்தினார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருந்தால், அது மருந்துதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். ரத்தம் எப்படி எடுப்பது, எந்தக் குப்பியில் போடுவது, எப்படி சீல் வைப்பது, எத்தனை நாளுக்குள் ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று விதிகளும் அதே வருஷம் வந்தன.

விதி வந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் எல்லாம் மாறிவிடுமா என்ன? 1971இல் பச்சுபாய் காரியானி வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. அதுவும் பம்பாய், அதுவும் வண்டி. வாடை, தள்ளாட்டம், குளறல், விரிந்த கண்மணி என்று டாக்டர் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். ரத்தமோ சிறுநீரோ சோதிக்கவில்லை. இவற்றை மட்டும் வைத்துக் குடித்தார் என்று முடிவு கட்ட முடியாது என்றது நீதிமன்றம். இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு இது.

மூச்சுக்குள் ரத்தம் எப்படித் தெரிகிறது?

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக உலகத்தில் முதலில் தண்டிக்கப்பட்டவராகச் சொல்லப்படுபவர் ஜார்ஜ் ஸ்மித், லண்டன் டாக்சி டிரைவர். 1897 செப்டம்பர் 10. அபராதம் 25 ஷில்லிங். அவரிடமும் எண் எதுவும் எடுக்கவில்லை. கட்டிடத்தில் மோதி நின்ற டாக்சியே சாட்சி.

எண்ணைக் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் எரிக் விட்மார்க். விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் ஆல்கஹாலை அளக்கும் முறையை 1922இல் வெளியிட்டார். அதன் பின் நார்வே 1936இல், ரத்தத்தில் இந்த அளவுக்கு மேல் இருந்தாலே குற்றம், தள்ளாடினாயா இல்லையா என்ற பேச்சே வேண்டாம் என்று சட்டம் போட்டது. ஸ்வீடன் 1941இல் பின்தொடர்ந்தது.

ரோட்டில் நிறுத்தி ஒவ்வொருவர் விரலையும் குத்த முடியாது. அமெரிக்காவின் இண்டியானாவில் ரோலா ஹார்கர் 1930களில் பலூனில் ஊத வைத்து சோதிக்கும் கருவியைச் செய்தார். அதே மாநிலப் போலீஸில் வேலை பார்த்த ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954இல் பிரெத்தலைசரைச் செய்தார். அதில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல். நம் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் ஆரஞ்சு நிறத்தில் இருக்குமே, அதேதான். ஆல்கஹால் பட்டால் பச்சையாக மாறும். எவ்வளவு மாறியது என்பதை ஒளியை வைத்து அளந்தார். பிரிட்டன் 1967இல் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து ரோட்டிலேயே ஊத வைத்தது. இப்போது போலீஸ் கையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலும் எரிபொருள் கலம் இருக்கிறது. மூச்சில் வரும் ஆல்கஹால் பிளாட்டினம் தகட்டில் பட்டு மின்சாரம் உண்டாகிறது. மின்சாரம் கூடினால் எண் கூடும்.

சரி, மூச்சை அளந்து ரத்தத்தின் எண்ணை எப்படிச் சொல்கிறார்கள்? இது ஒரு எக்ஸ்சேஞ்ச் ரேட், அவ்வளவுதான். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2100 மில்லி மூச்சில் இருக்கும் ஆல்கஹாலும் 1 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலும் சமம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் 30 மில்லிகிராம் வரம்பு என்பது ஒரு லிட்டர் மூச்சில் சுமார் 0.14 மில்லிகிராம்.

டாலர் ரேட் மாதிரியே இதுவும் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். சராசரி 2100க்குச் சற்று மேலேயே இருப்பதால், பெரும்பாலும் கருவி நம் பக்கம் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துத்தான் காட்டுகிறது. ஆனால் இப்போதுதான் வாயில் ஊற்றியிருந்தாலோ, ஆல்கஹால் உள்ள மவுத்வாஷால் கொப்பளித்திருந்தாலோ, நுரையீரல் மூச்சுக்கு பதில் வாய்க்குள் ஒட்டியிருப்பது அளக்கப்பட்டு எண் எகிறும். பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி ஊதினால் அது போய்விடும். மூச்சு ரோட்டுக்கு வசதி, ரத்தம் கோர்ட்டுக்கு வசதி என்பது இதனால்தான்.

நேர்கோட்டுத் தேய்மானம்

இந்த இடம்தான் பி.காம். காரனான எனக்கு மிகவும் பிடித்தது.

கணக்குப்பதிவியலில் தேய்மானம் எழுத இரண்டு முறை படித்திருப்போம். குறைந்து செல் மதிப்பு முறையில் மீதி இருப்பதில் இத்தனை சதவீதம் கழிப்போம். நேர்கோட்டு முறையில் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்போம். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை உடம்பில் முதல் முறையில் குறைகின்றன. ஆல்கஹால் அப்படி இல்லை, கிட்டத்தட்ட நேர்கோடு. ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி ரத்தத்தில் 10 முதல் 20 மில்லிகிராம், சராசரியாக 15. கல்லீரல் அதற்கு மேல் வேகம் எடுக்காது. காபி, மோர், எலுமிச்சை ஜூஸ், தலையில் தண்ணீர் எதுவும் உதவாது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ரத்தத்தில் 120 இருக்கிறது, வரம்பைப் போல நாலு மடங்கு. மணிக்கு 15 வீதம் கழித்தால் எட்டு மணி நேரத்தில் பூஜ்யம். காலை ஒன்பது மணிக்கு ரத்தம் எடுத்தால் அவர் உத்தமர். வரம்பைத் தொட்டு 30 இருந்தவருக்கோ இரண்டே மணி நேரம் போதும்.

நம் மோட்டார் வாகனச் சட்டம் 202ஆம் பிரிவும் இரண்டு மணி நேரம்தான் சொல்கிறது. குடித்து ஓட்டியதாகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இந்தச் சட்டத்தில் கடிகாரம்தான் முக்கியமான சாட்சி.

சட்டம் வளர்ந்த விதம்

1939ஆம் வருஷச் சட்டம் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவு போதை என்று பேசியது. 1988இல் வந்த புதிய சட்டத்தின் 185ஆம் பிரிவு நேர் எதிர்ப்பக்கம் போய், ரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு இருந்தாலும் குற்றம் என்றது. 1994 நவம்பர் 14 முதல் அமலுக்கு வந்த திருத்தம்தான் நமக்குத் தெரிந்த எண்ணைக் கொண்டுவந்தது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல். கூடவே பிரெத் அனலைசர் சோதனையில் கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்ற வாசகமும் வந்தது.

அந்த வாசகம் ஒரு வினோதத்தை உண்டாக்கியது. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரால் ஊத முடியாது, ரத்தம்தான் எடுப்பார்கள். எண் 100க்கு மேல் இருந்தாலும், அது பிரெத் அனலைசரில் வந்ததில்லையே என்று வாதாட இடம் கிடைத்தது. ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட வேறு சோதனையிலும் தெரிந்தாலும் போதும் என்ற வார்த்தைகள் 2019 திருத்தத்தில்தான் சேர்ந்தன. இடையில் 25 வருஷம்.

ஊதச் சொல்லும் அதிகாரம் 203இல் இருக்கிறது. கைதானவர் ஊதிய கருவி ஆல்கஹால் காட்டினாலோ, ஊத மறுத்தாலோ ரத்தம் எடுக்க 204. காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பே அவருக்கு எதிராகப் போகும் என்பது 205. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பதாகாதா என்று கேட்டால், ஆகாது. 1961இல் காத்தி காலு ஓகாட் வழக்கில் பதினோரு நீதிபதிகள், கைரேகை போல உடம்பிலிருந்து எடுப்பது வாக்குமூலம் இல்லை என்றார்கள். 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் நார்கோ சோதனையைச் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்ற உச்ச நீதிமன்றம், ரத்தப் பரிசோதனையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மனசைத் திறக்கச் சொல்லக்கூடாது, நரம்பைத் திறக்கச் சொல்லலாம்.

குப்பியின் பயணம்

நீலசந்திராவிலிருந்து அடுகோடி தாண்டினால் மடிவாளாவில் கர்நாடகத் தடய அறிவியல் ஆய்வகம். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் இந்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேரும் வரை என்ன ஆகிறது என்பதில்தான் பெரிய வழக்குகள் ஜெயிக்கின்றன, தோற்கின்றன. தோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஊசி போடக்கூடாது. குப்பியில் சோடியம் ஃப்ளோரைடு இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே நொதித்து ஆல்கஹால் உண்டாகலாம். சீல் வேண்டும். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று ஒவ்வொரு கைக்கும் கையெழுத்து வேண்டும். எங்கள் கிளையில் கேஷ் பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். அதே தத்துவம்.

2006 நவம்பர் 12, பம்பாய் கார்ட்டர் ரோடு. நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டிய அலிஸ்டர் பெரேராவின் ரத்தத்தில் 0.112 சதவீதம். அந்த எண் கடைசி வரை நின்றது, 2012இல் உச்ச நீதிமன்றம் மூன்று வருஷத் தண்டனையை உறுதி செய்தது.

அதே பாந்த்ராவில் 2002 செப்டம்பர் 28இல் நடந்த சல்மான் கான் வழக்கில் ஆய்வக அறிக்கை 62 மில்லிகிராம் என்றது. 2015 மே மாதம் ஐந்து வருஷம் தண்டனை, அதே டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. ரத்தம் எடுத்த இடத்திலிருந்து ஆய்வகம் வரை உள்ள சங்கிலியில் இருந்த சந்தேகங்களும் அதற்கு ஒரு காரணம்.

2019 ஆகஸ்ட் 3 நள்ளிரவு திருவனந்தபுரத்தில் கார் மோதி பத்திரிகையாளர் கே.எம்.பஷீர் இறந்தார். ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவரே டாக்டரும்கூட. ரத்தம் எடுத்தது ஒன்பது மணி நேரம் போல் கழித்து. ஆல்கஹால் இல்லை என்று அறிக்கை. அவர் குடித்திருந்தாரா இல்லையா என்று நான் சொல்ல முடியாது. அந்த அறிக்கையாலும் சொல்ல முடியாது. மேலே போட்ட தேய்மானக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

2024 மே 19இல் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் இன்ஜினியர்கள் இறந்த வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. சிறுவனின் ரத்தத்தை எறிந்துவிட்டு வேறு ரத்தத்தை வைத்தார்கள் என்று குற்றம் சாட்டி அரசு மருத்துவமனை டாக்டர்களையே போலீஸ் கைது செய்தது.

வாடைக்கு விலை

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் சினிமா நடிகரோ ஐ.ஏ.எஸ். அதிகாரியோ இல்லை. எங்கள் கிளையில் கடன் வாங்கிய ஒருவர். சின்ன சரக்கு வண்டி வைத்து ஓட்டினார், எங்கள் ஏரியாக்காரர், வேலூர்ப் பக்கத்துத் தமிழர். ஒருநாள் ராத்திரி லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது விபத்து. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். சேர்த்தபோது எழுதிய எம்.எல்.சி. சீட்டில் ஒரு வரி: மது வாடை உள்ளது. அவரை யாரும் ஊதச் சொல்லவில்லை, சொல்லும் நிலையிலும் இல்லை. ரத்தமும் அந்தச் சோதனைக்கு எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நடந்த போஸ்ட்மார்ட்டத்தில் தேட எதுவும் மிஞ்சியிருக்காது.

வண்டிக்கான இன்ஷூரன்ஸும் ஓட்டியவருக்கான விபத்துக் காப்பீடும் இரண்டுமே மறுக்கப்பட்டன. காரணம் அந்த ஒரு வரி. அந்த அக்கா பாலிசியையும் மறுப்புக் கடிதத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார். "சார், அவரு குடிப்பாரு, இல்லேன்னு சொல்லல. அன்னிக்குக் குடிச்சாரான்னு எனக்கும் தெரியாது, எழுதினவங்களுக்கும் தெரியாதே" என்றார். தவணை நின்று 90 நாள் ஆனால் கணக்கு வாராக்கடன். அது எனக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்கும் தெரியும்.

பச்சுபாய் தீர்ப்பு இருக்கிறதே, வாடை போதாதே என்று கேட்பீர்கள். அது குற்ற வழக்கு. இன்ஷூரன்ஸ் என்பது ஒப்பந்தம். 2007இல் டெல்லி இந்தியா கேட் அருகே எரிந்துபோன ஒரு போர்ஷே கார் பற்றிய பேர்ல் பீவரேஜஸ் வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: மூச்சுச் சோதனையோ ரத்தச் சோதனையோ இல்லாவிட்டாலும், மது வாடை, விபத்து நடந்த சூழ்நிலை இவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கம்பெனி மறுக்கலாம். அந்த வழக்கின் விவரங்களுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் வாடை மட்டுமே போதும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. சூழ்நிலையும் சேர வேண்டும். நான் படித்துப் புரிந்துகொண்ட வித்தியாசம் இது. ஒரு வக்கீலும் இதையே சொன்னார். அந்த அக்காவின் மனு இப்போது சாந்தி நகர் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. எதிரில் வந்த லாரி பற்றிய போலீஸ் மகஜரை அவர் தரப்பில் தாக்கல் செய்திருக்கிறார்கள்.

எழுபது வருஷம் முன்னால் ஆர்.டி.ஓ. பேசிகாகாவை எண் இல்லாதது காப்பாற்றியது. எங்கள் கிளை வாடிக்கையாளரை அதே இல்லாமை கவிழ்த்துவிட்டது. எண் இருந்தால் குடித்தவன் மாட்டுவான் என்று மட்டுமே நினைக்கிறோம். குடிக்காதவனுக்கும், அளவுக்குள் குடித்தவனுக்கும், செத்துப்போய் வாய் திறக்க முடியாதவனுக்கும் அந்த எண்தான் ஒரே சாட்சி. பணம் உள்ளவர் வழக்கில் ரத்தம் தாமதமாகிறது, தாமதம் அவருக்கு லாபம். பணம் இல்லாதவர் வழக்கில் ரத்தம் எடுக்கப்படுவதே இல்லை, அது அவருக்கு நஷ்டம். சட்டத்தில் 30 என்ற எண் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை எடுக்கும் நேரம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆகவே இரண்டு விஷயம். குடித்தால் ஓட்டாதீர்கள், ஆட்டோவுக்கு ஆகும் செலவு அபராதத்தில் ஒரு சின்னப் பங்குதான். வீட்டில் யாருக்காவது ராத்திரி விபத்து என்று போன் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், எம்.எல்.சி.யில் என்ன எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். வாடை என்று எழுதினால், அப்படியானால் ரத்தத்தையும் இப்போதே சோதித்து நேரம் போட்டு எழுதுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் இது தோன்றாது என்று தெரியும். அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பி.கு.: மனு முடிவானதும் என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.